முள் சொல்வதும் சொல்லாததும்

செவிலிமேட்டில் தறி ஓடும் வீடு ஒன்றில் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நெசவாளர் அவ்வப்போது பாவின் மீது உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திப் பார்ப்பார். பாவு தளர்ந்திருந்தால் துணி சீராக அமையாது. அளவுக்கு மீறி இறுகியிருந்தால் இழை அறுந்துவிடும். இந்த இறுக்கத்தை அளக்க அவரிடம் தனிக் கருவி இல்லை. பல ஆண்டுகள் பழகிய கையே அவருக்குக் கருவி.

கார் ஓட்டுபவருக்கு இந்த வசதி உண்டா? இல்லை. ஓடும் என்ஜினுக்குள் ஆயில் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் பாய்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருகிறது. ஓட்டுநரோ ஒரு தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறார். தொட்டுப் பார்க்க முடியாத அந்த இடத்தைப் பற்றி அவருக்குச் செய்தி கொண்டு வருபவை மானிகள். வட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள், சில எண்கள், அவ்வளவுதான்! ஆனால் அந்த முள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரியாதவருக்கு அதனால் பயன் இல்லை. சில வேளைகளில் அது அவரை ஏமாற்றியும் விடும்.

பந்தயத் திடலுக்குச் செல்வோமா?

நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. அங்குள்ள கார்ப் பந்தயத் திடல் 1990-இல் திறக்கப்பட்டது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை அமைத்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், பந்தயங்கள் நடந்து வந்தன. இருங்காட்டுக்கோட்டைத் திடலின் முழுச் சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அதில் 12 வளைவுகள் உள்ளன.

இங்கே ஓடுபவை எல்லாம் பந்தயத்திற்கென்றே பிறந்த கார்கள் அல்ல. மாருதி எஸ்டீம் போன்ற சாதாரண கார்களும் மாற்றியமைக்கப்பட்டு இங்கே ஓடியிருக்கின்றன. சாலையில் ஓடிய காரை வேகக் காராக மாற்றும்போது மெக்கானிக் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, கூடுதல் மானிகளைப் பொருத்துவது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே டாஷ்போர்டில் சில மானிகள் இருக்கின்றனவே, பிறகு எதற்குக் கூடுதல் மானிகள் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

விளக்கு எரியும்போது என்ன ஆகியிருக்கும்?

பெரும்பாலான கார்களில் ஆயில் அழுத்தத்தைக் காட்ட முள் கிடையாது. எண்ணெய்க் குவளை வடிவில் ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே இருக்கும். அந்த விளக்கை எரியச் செய்வது என்ஜினில் உள்ள ஒரு சிறு சுவிட்ச். ஆயில் அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பார் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் அது வேலை செய்யும். (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்று நம் மீது செலுத்தும் அழுத்தம்.)

ஆனால் வேகமாகச் சுழலும் என்ஜினுக்கு இந்த அழுத்தம் போதுமா? மெக்கானிக்குகளிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. நிமிடத்திற்கு 1000 சுற்றுக்குச் சுமார் 0.7 பார் வேண்டும் என்பது அது. அப்படியானால் 6000 சுற்றில் 4 பாருக்கு மேல் இருக்க வேண்டும். அது 1.5 பாராகக் குறைந்தால் என்ஜினுக்கு ஆபத்து. ஆனால் சிவப்பு விளக்கு எரியாது! 0.5 பாருக்குக் கீழே இறங்கிய பிறகே அது கண் விழிக்கும்.

அதற்குள் என்ன நடக்கும்? கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் உண்மையில் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. பட்டுக்கூட்டிலிருந்து உரிக்கப்படும் தனி இழையின் தடிமன் சுமார் 0.02 மில்லிமீட்டர். அத்தகைய இரண்டு இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு அகலமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் இடைவெளி. அதில் நிரம்பியுள்ள ஆயில் படலமே தண்டைத் தாங்கி நிற்கிறது. 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. மூன்று நொடிகள் ஆயில் போகாவிட்டால், 300 சுற்றுகள் உலோகம் உலோகத்தோடு உரசும். ஓர் என்ஜினைப் பாழாக்க இது போதும்.

வேகமாக வளைவில் திரும்பும் காரில் இது எளிதாக நிகழக்கூடியது. வந்தவாசி செல்லும் பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது, பேருந்து வளைந்தால் நீங்கள் வெளிப்பக்கம் சாய்கிறீர்கள் அல்லவா? என்ஜினின் அடித்தொட்டியில் உள்ள ஆயிலும் அப்படியே ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரிந்துவிட்டால் பம்பு ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். நீண்ட வளைவில் அழுத்தமானியின் முள் துடித்து இறங்குவதைக் கண்டால், ஓட்டுநர் காலை எடுத்துவிடலாம். விளக்கு மட்டும் இருக்கும் காரில் அவருக்கு இந்த வாய்ப்பு மிகக் குறைவு.

டாஷ்போர்டில் ஏற்கெனவே உள்ள வெப்பமானியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய கார்கள் பலவற்றில் தண்ணீரின் சூடு 80 டிகிரியாக இருந்தாலும் 105 டிகிரியாக இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். சிறு ஏற்றத்தைக் கண்டு மக்கள் அஞ்சக் கூடாது என்பது நோக்கம். சாலைக்கு அது சரி, பந்தயத்திற்குப் போதாது.

மூன்று மானிகள் போதும்

கடைக்குப் போனால் பத்து வகை மானிகள் கிடைக்கும். எல்லாவற்றையும் வாங்கிப் பொருத்தினால் கார் விமானம் போல் தோன்றும். ஆனால் வேகமாகச் செல்பவருக்குச் சாலையை விட்டுக் கண்ணை எடுக்க ஒரு நொடியின் பகுதிதான் கிடைக்கும். எனவே தேவையான மூன்றை மட்டும் எடுத்துக் கொள்வோம்.

முதலாவது, ஆயில் அழுத்தமானி. இதன் தேவையை மேலே பார்த்தோம்.

இரண்டாவது, தண்ணீர் வெப்பமானி. என்ஜினைக் குளிரச் செய்யும் நீர் சுமார் 85 முதல் 100 டிகிரிக்குள் இருப்பது வழக்கம். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டரின் மூடியோ உள்ளே அழுத்தத்தை ஏற்றி வைக்கிறது. வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் நீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்று பெரியவர்கள் எச்சரிப்பதன் காரணம் இப்போது புரிகிறதா? மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். 110 டிகிரியில் அமைதியாக இருந்த நீர் அந்தக் கணமே கொதித்து முகத்தில் சீறும்.

மூன்றாவது, மின்னழுத்தமானி. நல்ல பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதற்கு மின்சாரம் ஊட்டுவதால் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். ஓடும்போது 12 வோல்ட் காட்டினால், பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கிறது, வரவு இல்லை என்று பொருள்.

பழைய கார்களில் மின்னழுத்தமானிக்குப் பதிலாக மின்னோட்டமானி, அதாவது ஆம்மீட்டர், இருந்தது. இப்போது அதை ஏன் விரும்புவதில்லை? பள்ளியில் படித்ததை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஆம்மீட்டரைத் தொடர் இணைப்பில் வைக்க வேண்டும். அளக்கப்படும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியே போகும். இன்றைய ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியருக்கு மேல் தரக்கூடியது. அத்தனை மின்சாரத்தையும் தடித்த கம்பியில் ஓட்டுநரின் முழங்கால் வரை கொண்டு வந்து திரும்ப அனுப்ப வேண்டும். அந்தக் கம்பி எங்கேனும் தேய்ந்து உடற்தகட்டைத் தொட்டால் தீப்பிடிக்கும். மின்னழுத்தமானிக்குப் பக்க இணைப்பு போதும். மெல்லிய கம்பியில் மிகச் சிறு மின்னோட்டமே போகும்.

மானிக்குள் என்ன இருக்கிறது?

கோயில் திருவிழாக் கடைகளில் சுருட்டிய காகித ஊதல் வாங்கி ஊதியிருப்பீர்கள். ஊதினால் சுருள் நீளும், விட்டால் சுருண்டுகொள்ளும். 1849-இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த யூஜீன் பூர்டோன் காப்புரிமை பெற்ற அழுத்தமானி ஏறக்குறைய இந்த ஊதலின் உறவினர்தான். தட்டையான, வளைந்த ஓர் உலோகக் குழாயின் ஒரு முனை மூடப்பட்டிருக்கும். மறுமுனை வழியே ஆயில் உள்ளே தள்ளினால் குழாய் சிறிது நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளைத் திருப்பும். நீராவி என்ஜின்களின் கொதிகலன்களுக்குக் காவலாக இருந்தது இந்தக் குழாய். இன்றும் பல அழுத்தமானிகளில் இது வேலை செய்கிறது.

இது இயந்திர வகை. இதில் என்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சூடான ஆயிலே டாஷ்போர்டு வரை வரும். குழாய் வெடித்தால் ஓட்டுநரின் காலில் கொதிக்கும் ஆயில் பாயும். எனவே உலோக வலை போர்த்திய தரமான குழாய் தேவை. பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் இயந்திர மானியை ஒருபோதும் காருக்குள் வைக்கக் கூடாது.

மற்றொன்று மின் வகை. இதில் என்ஜினில் ஓர் உணரி திருகப்படும். அங்கிருந்து மின்கம்பி மட்டுமே உள்ளே வரும். வெப்ப உணரிக்குள் தெர்மிஸ்டர் என்ற பொருள் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் நகரும்.

இங்கே வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மானியும் உணரியும் ஒரு ஜோடி. அழுத்தத்திற்கேற்ப 10 ஓம் முதல் 180 ஓம் வரை மாறும் உணரிகள் உண்டு. வேறு அளவுகளில் மாறுபவையும் உண்டு. ஒன்றின் உணரியை வேறொன்றின் மானியோடு இணைத்தால் முள் நகரத்தான் செய்யும். ஆனால் அது காட்டும் எண் பொய்யாக இருக்கும். கோயம்புத்தூரின் பிரிக்கால் முதலிய இந்திய நிறுவனங்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் மானிகளைச் செய்கின்றன. எதை வாங்கினாலும் ஜோடியாகவே வாங்க வேண்டும்.

அளவுக்கோட்டையும் பார்க்க வேண்டும். 4 பார் அழுத்தம் உள்ள என்ஜினுக்கு 20 பார் வரை காட்டும் மானி வாங்கினால் முள் ஒரு மூலையிலேயே கிடக்கும். வழக்கமான அளவு வட்டத்தின் நடுப்பகுதியில் விழுவது நல்லது. கூடுதல் மானிகளின் முகம் பெரும்பாலும் 52 மில்லிமீட்டர் விட்டம் உடையது. ஆகவே அவற்றுக்கான தாங்கிகள் எளிதில் கிடைக்கும்.

பொருத்தும் முறை

இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம். தேர்ந்த மெக்கானிக் செய்யும்போது அருகில் இருந்து பாருங்கள். அவர் ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் என்ஜின் ஆறிய பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவார். ஆயில் விளக்கின் சுவிட்ச் இருக்கும் இடத்தில் மூன்று வாய் உள்ள இணைப்பு ஒன்றைத் திருகி, ஒரு வாயில் பழைய சுவிட்சையும் மற்றொன்றில் புதிய உணரியையும் பொருத்துவார். பழைய விளக்கை நீக்கமாட்டார். முள்ளைப் பார்க்காத நேரத்தில் விளக்குத்தானே கண்ணில் படும்?

திருகின் மரைகளைச் சரிபார்ப்பார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று ஒரே பெயர் கொண்ட குழாய் மரைகளில் இரு வகைகள் உண்டு. பிரிட்டிஷ் முறையில் அங்குலத்திற்கு 28 மரை. அமெரிக்க முறையில் 27. முதல் இரண்டு சுற்று இரண்டும் ஒன்றில் ஒன்று ஏறிவிடும். பிறகு வலிந்து திருகினால் மரை கெட்டு ஆயில் கசியும். கசியும் ஆயில் சூடான புகைக்குழாயில் விழுந்தால் தீப்பற்றும்.

ஒரு கம்பி மட்டும் உள்ள உணரிக்கு என்ஜின் உடலே மின்சாரத்தின் திரும்பு பாதை. மரையில் வெள்ளை டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றினால் அந்தத் தொடர்பு கெடலாம். மேலும், கனமான அழுத்த உணரியைப் பித்தளை இணைப்பில் நீட்டிக்கொண்டு நிற்கவிட்டால் என்ஜின் அதிர்வில் பித்தளை விரிசல் விடும். எனவே நல்ல மெக்கானிக் ஒரு குட்டைக் குழாய் வைத்து உணரியைக் காரின் உடற்தகட்டில் பிணைத்து, அதற்குத் தனியாக எர்த் கம்பியும் தருவார்.

கம்பிகள் தடுப்புச் சுவரைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இல்லையேல் தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை நாளடைவில் அறுத்துவிடும். மின்சாரம் எடுக்கும் இடத்தில், 3 முதல் 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, பந்தயக்காரர்களின் ஒரு தந்திரம்! வழக்கமான அளவில் எல்லா முட்களும் நேர் மேலே நோக்கும்படி மானிகளைத் திருப்பிப் பொருத்துவார்கள். எண்கள் சாய்ந்திருக்கும், அதனால் என்ன? மூன்று முட்களும் செங்குத்தாக நின்றால் எல்லாம் நலம். ஒன்று சாய்ந்தால் கடைக்கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள்

மின்பொருள் கடையில் 25 டிகிரியில் 10,000 ஓம் தடை உள்ள தெர்மிஸ்டர் ஒன்றும், பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு மல்டிமீட்டரும் பெறுங்கள். தெர்மிஸ்டரை விரல்களுக்கிடையில் பிடியுங்கள். தடை மெல்ல இறங்கும். உங்கள் உடற்சூட்டை அது அறிந்துகொண்டது. பிறகு ஆசிரியர் துணையோடு, கம்பிகள் நனையாதபடி மெல்லிய பாலிதீன் உறையில் வைத்து வெந்நீரில் அமிழ்த்துங்கள். 50 டிகிரி நீரில் தடை 3,500 ஓம் அளவுக்கு இறங்கியிருக்கும். ஒவ்வொரு 5 டிகிரிக்கும் எண்ணைக் குறித்து வரைபடம் வரைந்தால், நீங்களே ஒரு வெப்பமானி செய்துவிட்டீர்கள்.

இனி முக்கியமான பகுதி. பாத்திரத்து நீர் சூடாகவே இருக்கட்டும். தெர்மிஸ்டரை மட்டும் வெளியே எடுத்துக் காற்றில் பிடியுங்கள். என்ன ஆகிறது? தடை ஏறுகிறது, உங்கள் வரைபடத்தின்படி சூடு குறைகிறது! நீர் ஆறிவிட்டதா? இல்லை. உணரி நீரில் இல்லை, அவ்வளவுதான்.

இதே நிகழ்ச்சி காரில் நடப்பதுண்டு. ரேடியேட்டர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வெளியேறிவிடுகிறது. உணரி இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் இல்லை. என்ஜினின் உலோகம் பழுக்கக் காய்கிறது; ஆனால் முள்ளோ கீழே இறங்கலாம். “சூடு குறைந்துவிட்டது” என்று மகிழ்ந்து ஓட்டுநர் காரை விரட்டினால், சில நிமிடங்களில் என்ஜின் இறுகி நின்றுவிடும். மானி பழுதாகவில்லை. தான் தொட்டுக்கொண்டிருப்பதன் சூட்டை அது சரியாகவே சொன்னது. அதை என்ஜினின் சூடு என்று எடுத்துக்கொண்டது ஓட்டுநரின் பிழை.

எனவே காரணமில்லாமல் சூடு ஏறினாலும் நிறுத்த வேண்டும். காரணமில்லாமல் இறங்கினாலும் நிறுத்த வேண்டும்.

இக்காலக் கார்களின் கணினியோடு ஒரு சிறு கருவியை இணைத்துக் கைப்பேசியிலேயே பல அளவுகளைப் பார்க்கலாம். அதற்கும் இதே விதிதான். காரில் ஏற்கெனவே உள்ள உணரிகள் சொல்வதை மட்டுமே அது காட்டும். ஆயில் அழுத்தத்திற்கு வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள காரில், எவ்வளவு விலையுள்ள கைப்பேசியானாலும் அழுத்தத்தின் அளவைச் சொல்ல முடியாது.

மானி பொருத்திய முதல் வாரத்தில் நல்ல ஓட்டுநர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வார். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் அழுத்தம் எவ்வளவு, சூடான பின் எவ்வளவு, பாலாற்றுப் பாலத்தில் வெயிலில் நெரிசலில் நிற்கும்போது தண்ணீரின் சூடு எவ்வளவு, இரவில் விளக்குகள் எரியும்போது எத்தனை வோல்ட் என்று எழுதுவார். இவையே அந்தக் காரின் இயல்பான அளவுகள். இவை தெரிந்தவருக்குத்தான் முள்ளின் ஒரு சிறு மாற்றமும் செய்தியாகும்.

அடுத்த முறை தறிக்கு முன்னால் நின்றால் நெசவாளரைக் கேட்டுப் பாருங்கள்: “பாவு சரியான இறுக்கத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது, ஐயா?” சரியாக இருந்த நாள்களில் பலமுறை தொட்டுப் பார்த்ததால்தான் அவருக்குத் தெரிகிறது. அவருடைய கை பாவின் மீதே இருக்கிறது. உங்கள் மானியின் கை எதன் மீது இருக்கிறது என்பதை நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.